கெர்னல் கணக்கைத் தணிக்கை செய்வது யார்?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவை தறியை விட்டு இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய்விடாது. கூட்டுறவு சங்கமோ தனியார் முதலாளியோ, நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். புடவையை விரிப்பார், எடை போடுவார், நீளம் அளப்பார். உடலும் கரையும் சேருகிற கோர்வையை விரலால் தடவிப் பார்ப்பார். இழை விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் அவர் விரல் நின்றுவிடும். பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்தவருக்கு அந்த ஐந்து நிமிடம் பரீட்சை ரிசல்ட் பார்ப்பது மாதிரி. குறை இருந்தால் கூலியில் பிடித்தம். மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் புடவையை நீட்டுவார்கள். ஆனால் அந்த ஆளே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அவர் பார்க்காமல் விட்டதைக் கல்யாண வீட்டில் நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, அந்தப் புடவையை காந்தி ரோட்டுக் கடையில் வாங்குகிறவர் என்ன செய்கிறார்? போனை எடுத்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறார். ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். பணம் போகிற வழியில் இருக்கும் சர்வர்கள் பலவற்றிலும் அதே லினக்ஸ்தான். புடவையைத் தடவிப் பார்த்த விரல் ஒன்று இருந்தது. பணத்தைச் சுமந்து போன அந்த மென்பொருளைத் தடவிப் பார்த்த விரல் எது?

"அதான் ஓப்பன் சோர்ஸ் ஆச்சே, உலகமே பார்க்கிறதே" என்பது வழக்கமான பதில். போதுமான கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் தப்பாது என்று எரிக் ரேமண்ட் எழுதியது கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்கு மனப்பாடம். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதாலேயே யாரோ உள்ளே போய்ப் பார்த்தார்கள் என்று ஆகிவிடாது. கெர்னலில் மிகவும் ஆபத்தான ஒரு மூலையை, அதாவது மெமரி முகவரிகளை மாற்றித் தரும் பகுதியை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட அதைப் படித்துச் சரிபார்க்கிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. இது மாறவேண்டும். மாறுவதற்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் நல்ல இடம்.

*

முதலில் முகவரி மாற்றம் என்றால் என்ன? காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்.

2007இல் மத்திய அரசு தொடங்கிய ஓர் உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. ஐஐஐடிடிஎம், காஞ்சிபுரம் என்று பெயர். பெயரை நம்பி காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தேடினால் கிடைக்காது. அது இருப்பது வண்டலூர் - கேளம்பாக்கம் சாலைப் பக்கம், மேலக்கோட்டையூரில். தொடங்கியபோது அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் மேலக்கோட்டையூர் அந்தப் பக்கம் போய்விட்டது. பெயரில் மட்டும் காஞ்சிபுரம் அப்படியே நிற்கிறது. பெயர் சொல்வது ஒன்று, தரையில் இருப்பது வேறு. நடுவில் ஒரு பட்டியல் இருந்து, "இந்தப் பெயர் சொன்னால் இந்த இடம்" என்று காட்டிக்கொடுப்பதால்தான் கடிதம் போய்ச் சேருகிறது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரு ப்ரோக்ராம் தன் தகவலை ஒரு முகவரியில் வைத்திருப்பதாக நினைக்கிறது. அது வெறும் பெயர். மெய்நிகர் முகவரி என்பார்கள். நிஜமான மெமரி சில்லில் அந்தத் தகவல் வேறு எங்கோ கிடக்கும். இரண்டு ப்ரோக்ராம்கள் ஒரே முகவரி எண்ணைச் சொல்லலாம், ஆனால் இரண்டும் வெவ்வேறு இடத்துக்குப் போகும். ஒன்றின் ரகசியம் இன்னொன்றுக்குத் தெரியாமல் இருப்பதே இதனால்தான். வங்கிச் செயலியும் விளையாட்டுச் செயலியும் ஒரே போனில் இருந்தும் ஒன்றின் பையில் ஒன்று கைவிடாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் பட்டியலுக்கு பேஜ் டேபிள் என்று பெயர். காமர்ஸ் பாஷையில் சொன்னால் பேரேடு. மெமரி 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இன்டெல், ஏஎம்டி 64 பிட் கம்ப்யூட்டர்களில் வழக்கமாக 48 பிட் முகவரி. அதை 9, 9, 9, 9, 12 என்று ஐந்து துண்டாக நறுக்குகிறார்கள். முதல் நான்கும் நான்கு அடுக்குப் பேரேடுகள். ஒவ்வொன்றிலும் 512 பதிவுகள். மாவட்டம், தாலுகா, தெரு, கதவு எண் என்று இறங்குவது மாதிரி. கடைசி 12 பிட், வீட்டுக்குள் எந்த மூலை என்று சொல்லும். இப்படி 256 டெராபைட் வரை முகவரி கொடுக்கலாம். அதுவும் போதாது என்று இன்டெல்லின் கிரில் ஷூட்டமோவ் 2017இல் லினக்ஸில் ஐந்தாவது அடுக்கு ஒன்றைச் சேர்த்தார். இப்போது 128 பெட்டாபைட் வரை போகலாம்.

ஒவ்வொரு முறையும் நான்கு பேரேட்டைப் புரட்டினால் வேலை ஆகுமா? ஆகாது. அதனால் ப்ராசஸர் சமீபத்தில் தேடிய முகவரிகளைத் தன் பாக்கெட் நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளும். அதன் பெயர் டிஎல்பி. பழகின தபால்காரர் மாதிரி; ரிஜிஸ்டரைப் பார்க்காமலே நேராக வீட்டுக்குப் போய்விடுவார். ரொம்ப வசதி. ஆனால் வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போனதை அவரிடம் யாரும் சொல்லவில்லை என்றால்? பழைய ஆளின் கடிதம் புதுக் குடித்தனக்காரர் கையில்!

பேரேட்டைப் பராமரிப்பது, திருத்தினால் எல்லாத் தபால்காரர்களுக்கும் சொல்லி அனுப்புவது, அதுவரை கதவைப் பூட்டி வைப்பது... இதெல்லாம் கெர்னலின் வேலை. இன்றைய போனிலேயே எட்டு ப்ராசஸர் கோர்கள், அதாவது எட்டுத் தபால்காரர்கள். ஒருத்தருக்குச் சொல்ல மறந்தாலும் போச்சு.

*

மறந்தே போகவில்லை, வரிசைதான் மாறியது. அதற்கே என்ன ஆனது என்று பாருங்கள்.

ஒரு ப்ரோக்ராம் தன் மெமரித் துண்டை ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு நகர்த்தக் கேட்கலாம். கெர்னல் பழைய பதிவை அடித்துவிட்டுப் புதிய இடத்தில் எழுதும். பிறகு டிஎல்பியில் இருக்கும் பழைய குறிப்பை அழிக்கச் சொல்லும். பிறகுதான் பூட்டைத் திறக்க வேண்டும். லினக்ஸ் 3.2 பதிப்பிலிருந்து இந்தக் கடைசி இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. முதலில் பூட்டைத் திறந்தது, பிறகுதான் தபால்காரர்களுக்குச் சொன்னது. நடுவில் கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்தில் இன்னொரு வேலை உள்ளே புகுந்து அந்தப் பக்கத்தை மெமரியிலிருந்து விடுவித்து, அது வேறு ஒருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால், பழைய குறிப்பை வைத்திருக்கும் ப்ராசஸர் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

3.2 வெளிவந்தது 2012 ஜனவரியில். கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த யான் ஹார்ன் இதைக் கண்டுபிடித்துச் சொல்லி, திருத்தம் வந்தது 2018 அக்டோபரில். கிட்டத்தட்ட ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் அந்த வரிகள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தேதான் கிடந்தன.

இதைவிடப் பெரிய கதை டர்ட்டி கவ். பெயர்தான் அழுக்கு மாடு, சமாச்சாரம் மாட்டைப் பற்றியது அல்ல. 'எழுதும்போது நகல் எடு' என்ற உத்தியின் ஆங்கிலச் சுருக்கம் மாட்டின் பெயராக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரத்துக்கே வரலாம். ஒரு சங்கத்தில் ஒரு புட்டா டிசைனின் கிராஃப் தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தறிகளுக்கும் அந்த ஒரே தாள்தான். பார்த்து நெய்யலாம், அதில் யாரும் பேனா வைக்கக்கூடாது. ஒருவர் வந்து "இதில் மாற்றி வரைய வேண்டும்" என்கிறார். குமாஸ்தா அவர் டோக்கனில் 'எழுத வேண்டும்' என்று குறிக்கிறார். ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைக்கிறார். நகல்தான் வந்தாயிற்றே, இனி அந்தக் குறிப்பு எதற்கு என்று டோக்கனில் 'எழுத வேண்டும்' என்பதை அடித்துவிடுகிறார். அந்த நேரம் பார்த்து வந்தவரின் கூட்டாளி ஜெராக்ஸைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார். குமாஸ்தா திரும்பிப் பார்க்கிறார். மேஜையில் தாள் இல்லை. டோக்கனைப் பார்க்கிறார். 'எழுத வேண்டும்' இல்லை. ஓ, சும்மா பார்க்கத்தான் கேட்கிறார் போல என்று அசல் தாளை எடுத்து நீட்டுகிறார். வந்தவர் கையில் பேனா திறந்தபடி இருக்கிறது. முடிந்தது கதை. பத்துத் தறியிலும் டிசைன் மாறிவிட்டது.

லினக்ஸ் கெர்னலில் நடந்தது ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை இதுதான். குமாஸ்தா செய்த ஒவ்வொரு காரியமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானது. சேர்த்துப் பார்த்தால் ஓட்டை. சாதாரணப் பயனாளர் ஒருவர், படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் எழுதிவிடலாம். அப்படி எழுத முடிந்தால் இயந்திரத்தின் முழு அதிகாரமும் அவர் கையில். 2007இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து 2016 அக்டோபர் வரை, ஒன்பது வருஷம், இந்த ஓட்டை இருந்தது. ஆண்ட்ராய்டு போன்களும் சேர்த்தி.

இதில் இரண்டு விஷயம் மனசை உறுத்தும். ஒன்று, இந்தப் பிரச்சினை 2005இலேயே லினஸ் டோர்வால்ட்ஸின் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு திருத்தம் போட்டார். அது ஐபிஎம்மின் பெரிய கம்ப்யூட்டர்களில் தகராறு செய்ததால் திரும்ப எடுக்கப்பட்டது. அத்தோடு விஷயம் மறந்துபோனது. பதினொரு வருஷம் முன்பு தான் சரியாகத் திருத்தவில்லை என்று 2016இல் போட்ட திருத்தத்தின் குறிப்பிலேயே அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு, இதைக் கண்டுபிடித்தது கோடைப் படித்துக்கொண்டிருந்த யாரும் அல்ல. பில் ஓஸ்டர் என்பவர் தாக்கப்பட்ட ஒரு சர்வருக்கு வந்த இணையப் போக்குவரத்தைப் பிடித்து வைத்திருந்தார். அதில் தாக்குதல் நிரலே சிக்கியது. அதாவது சரிபார்க்கிறவர்களுக்கு முன்பே திருடன் படித்துவிட்டான்! ஆயிரம் கண்கள் என்கிறோமே, அதில் முதலில் விழித்துக்கொண்ட கண் யாருடையது பாருங்கள்.

கதை அங்கேயும் முடியவில்லை. டோக்கனில் 'எழுத வேண்டும்' என்பதை அடிக்காமல், 'நகல் எடுத்தாயிற்று' என்று கூடுதலாக ஒரு முத்திரை குத்துவது, கையில் இருப்பது நிஜமாகவே நகல்தானா என்று தாளின் அடையாளத்தைப் பார்ப்பது, இதுதான் 2016இன் திருத்தம். நல்ல திருத்தம்தான். ஆனால் பெரிய பக்கங்களைக் கையாளும் இன்னொரு கவுன்ட்டரில், நகல் எடுக்காமலே அந்த அடையாளம் விழுந்துவிட ஒரு வழி இருந்தது. 2017 நவம்பரில் பைண்டெசி என்ற குழு அதை வெளியிட்டது. பாதிப்பு முதலாவதைவிடக் குறைவு. ஆனாலும் உலகமே பேசிய ஒரு திருத்தத்தில் ஓட்டை இருப்பது தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

*

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் புதுசு அல்ல. பி.காம்.மில் தணிக்கை என்று ஒரு தாளே உண்டு. வவுச்சரைப் பார், பேரேட்டைப் பார், வங்கிச் சான்றைத் தனியாகக் கேட்டு வாங்கு என்று வரிசையாகச் சொல்லித் தருவார்கள். எழுதினவரே சரிபார்க்கக்கூடாது என்பது பாலபாடம். அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009 ஜனவரி 7 அன்று வெளிவந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் போதும். கணக்கில் இருந்த பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் நிஜத்தில் இல்லவே இல்லை. பல வருஷக் கணக்குகளில் தணிக்கைக் கையெழுத்து மட்டும் ஒழுங்காக இருந்தது. கையெழுத்து இருப்பது வேறு, பார்த்திருப்பது வேறு.

பேரேட்டுக்குச் சட்டம் போட்டுத் தணிக்கையாளரை நியமித்த சமுதாயம், பேஜ் டேபிளுக்கு அப்படி யாரையும் நியமிக்கவில்லை. லினக்ஸின் மெமரிப் பகுதிக்கு ஆண்ட்ரூ மார்ட்டன் என்ற ஒருவர் 20 வருஷங்களுக்கும் மேலாகத் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். அவரைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். வருகிற திருத்தங்களோ மலை. எழுதுகிறவர்களுக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது, அடுத்தவர் எழுதியதை நாள் முழுக்கப் படிக்கிறவரைப் பார்த்து "நீ இந்த மாதம் என்ன செய்தாய்?" என்று கேட்கிறது. கஷ்டம் அங்கேதான்.

இதற்கு மூன்று ஆட்சேபம் வரும்.

முதலாவது, இதற்கெல்லாம் இயந்திரம் இருக்கிறதே என்பது. உண்மை. கூகுளின் சிஸ்காலர் என்ற கருவி இரவு பகலாகக் கெர்னலைத் தாறுமாறான கட்டளைகளால் அடித்துப் பார்த்து ஆயிரக்கணக்கான பிழைகளைப் பிடித்திருக்கிறது. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த மாதிரிக் கருவிகள் சுலபமாகப் பிடிப்பது, விழுந்தால் சத்தம் போடும் பிழைகளை. டர்ட்டி கவ் சத்தம் போடவில்லை. எதுவும் நொறுங்கவில்லை, எந்தப் பதிவும் கெடவில்லை. குமாஸ்தா மரியாதையாக ஒரு தாளை நீட்டினார், அது தப்பான தாள், அவ்வளவே. எது அசல், எது நகல், யாருக்கு எது உரிமை என்று தெரிந்த மனுஷன்தான் "ஏம்பா, அந்த டோக்கனை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்க முடியும்.

இரண்டாவது, சரிபார்ப்பு என்பதே சடங்கு, பிரயோஜனம் இல்லை என்பது. இதற்கு ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே தப்பான திருத்தங்களை லினக்ஸுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தணிக்கையாளருக்குத் தெரியாமல் பொய் வவுச்சரைச் செருகுவது மாதிரி. 2021 ஏப்ரலில் விஷயம் வெடித்து, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் எதையும் வாங்குவதில்லை என்று கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அறிவித்தார். அங்கிருந்து அதற்கு முன் வந்த திருத்தங்களையெல்லாம் மறுபடி உட்கார்ந்து படித்தார்கள். சோதனைக்காக அனுப்பிய தப்பான திருத்தம் எதுவும் உள்ளே போகவில்லை என்று பிறகு லினக்ஸ் தரப்பின் அறிக்கை சொன்னது. சோதனை செய்த விதம் அநியாயம்தான். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் பிடிபடும் என்பதும் அதிலேயே தெரிகிறது. சரிபார்ப்பு தோற்பது பார்க்கிறவர்கள் முட்டாள்கள் என்பதால் அல்ல, பார்க்கிறவர்கள் போதாததால்.

மூன்றாவது ஆட்சேபம்தான் இங்கே அதிகம் கேட்கும். "அதெல்லாம் பெரிய மூளைக்காரர்கள் சமாச்சாரம். அரியர் கிளியர் பண்ணவே நேரம் இல்லை. கெர்னலாவது, கோர்வையாவது."

இதற்குப் பதில் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1976இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் யூனிக்ஸ் கெர்னலின் சுமார் 9 ஆயிரம் வரிகளை அப்படியே அச்சடித்து, விளக்கவுரையும் எழுதி, மாணவர்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். எழுது என்று சொல்லவில்லை, படி என்றார். 1979இல் வந்த அடுத்த பதிப்பின் உரிமம் வகுப்பில் அப்படிப் பாடம் நடத்துவதைத் தடுத்தது. மாணவர்கள் விடவில்லை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து உலகம் முழுக்கப் படித்தார்கள். கடைசியில் 1996இல்தான் அது முறையான புத்தகமாக வந்தது.

இன்னொருவர் மெல் கார்மன். அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது லினக்ஸின் மெமரிப் பகுதி முழுவதையும் உட்கார்ந்து படித்து, எது என்ன செய்கிறது என்று எழுதினார். 2004இல் அது புத்தகமானது. பின்னாளில் அவரே அந்தப் பகுதியின் முக்கியமான டெவலப்பர்களில் ஒருவரானார். அந்த வட்டத்தில் இந்தியப் பெயர்களும் புதிது அல்ல. மெமரியை ப்ரோக்ராம் கூட்டங்களுக்கு அளந்து கொடுக்கும் பகுதி 2008இல் லினக்ஸில் சேர்ந்தபோது அதை முன்னின்று எழுதியவர் ஐபிஎம்மில் இருந்த பல்பீர் சிங். ஐபிஎம்மின் பவர் ப்ராசஸர்களுக்கான முகவரி மாற்றப் பகுதியில் அனீஷ் குமாரின் உழைப்பு நிறைய.

தமிழ்நாட்டில் இப்போது இதற்கான சாமான்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையில் 2014இல் தொடங்கிய சக்தி ப்ராசஸர் திட்டம், 2018இல் தன் சில்லில் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அதன் வடிவமைப்பும் திறந்த மூலம். அதாவது பேரேட்டை எழுதும் கெர்னலையும் படிக்கலாம், அந்தப் பேரேட்டைப் புரட்டும் ப்ராசஸரின் வடிவத்தையும் படிக்கலாம். அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் முறையில் மூன்றடுக்குப் பேரேடு ஒன்று உண்டு. 9, 9, 9, 12 என்று 39 பிட். லினக்ஸ் மலைப்பாக இருந்தால் எம்ஐடி 2006இல் பாடத்துக்கென்றே உருவாக்கிய எக்ஸ்வி6 என்ற குட்டி கெர்னல் இருக்கிறது. அதன் இப்போதைய வடிவம் இதே மூன்றடுக்கு முறையில்தான் இயங்குகிறது. முகவரி மாற்றும் கோப்பு மொத்தமே சில நூறு வரிகள். எக்ஸ்வி6ஐ வைத்து சென்னை ஐஐடியின் செஸ்டர் ரிபெய்ரோ நடத்திய பாடங்கள் என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எனவே யோசனை ஒன்றுதான். கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்ற பெயரில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதே லைப்ரரி மேனேஜ்மென்ட், அதே பேரோல், காசு கொடுத்தால் ரெடிமேடாகக் கிடைக்கும் சிடி, ஸ்பைரல் பைண்டிங். அதற்குப் பதிலாகவோ கூடவோ, ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு பழைய திருத்தத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். மேலே சொன்ன பூட்டு விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். திருத்தத்துக்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி இருக்கிறது, நடுவில் யார் புகுந்தால் என்ன ஆகும் என்று மூன்று பக்கம் எழுதினால் அதற்கு மார்க். வைவாவில் ஆசிரியர் ஒரு வரியைத் தொட்டு "இதை இரண்டு வரி கீழே இறக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும். காப்பி அடித்தவர் யார், படித்தவர் யார் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். காசு கொடுத்து இதை வாங்க முடியாது.

உடனே ஆர்வத்தில் ஆளுக்கு ஆள் அரைகுறைத் திருத்தங்களை அனுப்பிப் பராமரிப்பாளர்களின் கழுத்தை நெரிப்பது உதவி ஆகாது, உபத்திரவம். முதல் வருஷம் சும்மா படிக்கட்டும். அடுத்தவர் திருத்தத்தை ஓட்டிப் பார்த்து, வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்லட்டும். கேள்வி கேட்கட்டும். புடவையைத் தடவியே குறை சொல்லும் விரலும் ஒரே நாளில் வந்தது இல்லையே. பல நூறு புடவை பார்த்த பிறகு வந்தது.

லினக்ஸில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு திருத்தம் உள்ளே போகும்போது எழுதியவர் பெயருக்குக் கீழே, சரிபார்த்தவர் யார், ஓட்டிப் பார்த்தவர் யார் என்று தனித்தனி வரியில் பெயர் ஏறும். சரிபார்த்தேன் என்று பெயர் கொடுப்பதற்கு என்ன அர்த்தம் என்று கெர்னலின் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்திருக்க வேண்டும், சந்தேகங்களைக் கேட்டிருக்க வேண்டும், பதில் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். தணிக்கைக் கையெழுத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது. அந்தப் பெயர் பிறகு அழியவே அழியாது. இருபது வருஷம் கழித்து ஒருவர் அந்த வரியைத் தோண்டினாலும், எழுதியவரோடு பார்த்தவரும் நிற்பார்.

சங்கத்தில் உட்கார்ந்து புடவை பார்ப்பவர் பெயர் எந்தப் புடவையிலும் இல்லை. மென்பொருள் உலகம் அந்த மரியாதையையாவது கொடுக்கத் தயாராக இருக்கிறது. உட்கார ஆள்தான் வேண்டும்.

பி.கு.: கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். பேரேடு, குறுக்குப் பதிவு, சான்று, பூட்டு, சாவி இவ்வளவுதான் அடிப்படை. டெபிட், கிரெடிட் இரண்டும் டாலி ஆகாமல் ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு இந்த வேலை ரொம்பவே பொருந்தும்.